வலது இறக்கை

சுத்தியலின் மூன்றாவது அடியில் வலது இறக்கை பிளந்தது.

விமானி இருக்கையிலிருந்த ரஞ்சன் திடுக்கிட்டுத் திரும்பினான். அடித்தது வேறு யாருமல்ல, அந்தக் குட்டி விமானத்தை வடிவமைத்த சொந்த அண்ணன் ஜெயந்திரன். அண்ணன் வாயைத் திறந்து என்னவோ கத்தினான். எஞ்சின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

பக்கத்து இருக்கையில் லோஜினி அலறினாள். இதுவரை ரஞ்சன் தனியாகத்தான் பறந்திருக்கிறான். மனைவியை ஏற்றிக்கொண்டு பறக்க இருந்தது இன்றைக்குத்தான்.

எஞ்சினை அணைத்துவிட்டுக் குதித்தான்.

பொறாமை, வேறென்ன. இதயம் சரியில்லையென்று லைசன்ஸ் போனதிலிருந்தே அண்ணன் முகம் கடுகடுவென்றுதான் இருந்தது. தான் வரைந்த விமானத்தில் தம்பி ஜோடியாகப் பறந்தால் வயிறு எரியாதா?

முதல் குத்தில் ஜெயந்திரனின் உதடு கிழிந்தது. அடுத்ததில் மூக்கு உடைந்தது. விழுந்தவன் தடுக்கக் கையைக்கூடத் தூக்கவில்லை. அது ரஞ்சனுக்கு இன்னும் வெறியேற்றியது. விலாவில் ஓங்கி உதைத்தான்.

"எத்தன வருஷ உழைப்பு அண்ணே இது. பைத்தியமா ஒனக்கு?"

செம்பனைத் தோட்டத்து ஓடுபாதையோரம் நின்றவர்கள் ஓடிவந்து அவனை இழுத்துப் பிடித்தார்கள். லோஜினியின் அப்பா சிவசம்பு, என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

ஜெயந்திரன் ரத்தத்தைத் துப்பினான். "டிசைன் தப்பு அங்கிள். ரெண்டு பேர் வெயிட்ட தாங்காது. என் கணக்குதான் கோளாறு லா."

ரஞ்சன் பிளவுக்குள் எட்டிப் பார்த்தான். மரச்சட்டம் முறியவில்லை. மேல்பலகைதான் சட்டத்தைவிட்டுக் கழன்று வந்திருந்தது. இடையிலிருந்த பசையைத் தொட்டான். காய்ந்து கல்லாகியிருக்க வேண்டியது விரலில் பிசுபிசுத்தது.

அந்தப் பசையின் இரண்டு பாகத்தையும் தராசில் நிறுத்துத்தான் கலக்க வேண்டும். அண்ணன் போட்ட விதி அது. ஆயுத பூஜையன்று மேரு ஊரிலிருந்த அவர்கள் பட்டறையில் தராசுக்கும் பொட்டு வைத்து சாமி முன்னால் அடுக்கியிருந்தார்கள். மறுநாள் வரை எடுக்கக் கூடாது.

அண்ணன் வீட்டுக்குப் போனபிறகு, வேலை கெடுகிறதே என்று ரஞ்சன்தான் கண்மதிப்பில் கலந்து வலது இறக்கையை ஒட்டினான்.

இறக்கையைத் தட்டிப் பார்த்தே அண்ணன் அதைக் கண்டுபிடித்திருக்கிறான். ரஞ்சன் உண்மையைச் சொல்ல மாமனாரைப் பார்த்து வாயைத் திறந்தான்.

தரையில் கிடந்த ஜெயந்திரன், உடைந்த மூக்கைப் பொத்திக்கொண்டு, சொல்லாதே என்று தலையை ஆட்டினான்.