நிறுத்தி வைத்த ஆட்டம்

எழுந்ததும் பென்னி புறங்கையை வைத்துப் பார்த்தான். சூடு இருந்தது. போதும், இன்னும் உயிர் இருக்கிறது.

பல் தேய்த்தான். டீ போட்டுக் குடித்தான். சட்டையை மாட்டிக்கொண்டு கேட் பாஸை எடுத்துக் கழுத்தில் தொங்கவிட்டான். அது இல்லாமல் சிப்காட்டில் எந்த கம்பெனியும் கதவைத் திறக்காது. மூன்று வாரம் கழித்து இன்றைக்குத்தான் வேலைக்குப் போகிறான். கிளம்புமுன் இன்னொரு தரம் தொட்டுப் பார்த்தான்.

டிவிக்குக் கீழே இருந்த பழைய வீடியோ கேம் செட் அது. டிவி அணைந்திருந்தது. செட்டின் சிவப்பு விளக்கு மட்டும் மூன்று வாரமாக அணையவே இல்லை.

மனைவி சுகிர்தாவின் தங்கை மெர்சி இட்லி டப்பாவோடு உள்ளே வந்தாள். அதே நேரம் ஃபேன் திணறியது. மூலையில் இன்வெர்ட்டர் கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது.

"கரண்ட்டு பூடுச்சு மாமா. இன்னிக்கு மெயின்டனன்ஸாம், சாயங்காலந்தான் வருமாம்."

அந்தக் கிழட்டு இன்வெர்ட்டர் அரை மணி தாங்கினால் பெரிது. பென்னி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினான். பைக் பேட்டரியைக் கழற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல் மார்போடு அணைத்துத் தூக்கி வந்தான்.

"இன்னா மாமா இது? வேலைக்குப் போறேன்னுட்டு பைக்கைப் பிரிச்சுக்கினு கீற?"

"செட்டு ஆஃப் ஆயிடும் மெர்சி."

"ஆவட்டுமே. திரும்பப் போட்டா ஓடப்போவுது."

"மொதல்லேருந்து ஓடும். இந்தக் கேசட்ல சேவ் கெடையாது. உங்கக்கா கடைசி ஸ்டேஜ்ல நிக்கறா. ரெண்டு உயிர் பாக்கி வச்சிருக்கா."

பழைய செட் என்றால் ஆரணி, பொன்னேரி வட்டாரத்தில் பென்னிதான். செத்துப்போன செட்டைக்கூட எழுப்பிக் கொடுத்துவிடுவான். ஆனால் இந்த ஆட்டத்தின் கடைசி ஸ்டேஜை அவனே பார்த்ததில்லை. அதைப் பார்த்தவள் சுகிர்தாதான். தினமும் கம்பெனி பஸ் வரும்வரை ஆடுவாள். ஆடும்போது கழுத்தில் எதுவும் தொங்கக்கூடாது அவளுக்கு. துப்பட்டாவைக்கூடக் கழற்றி வீசிவிடுவாள்.

அடாப்டர் வயரைச் சுரண்டி, பேட்டரியை அதிலேயே சேர்த்துவிட்டால் போதும். கரண்ட் போனது செட்டுக்குத் தெரியாது. பென்னி கத்தியைத் தேடினான்.

மெர்சியின் குரல் உடைந்தது. "அக்காவே போயிட்டா. நீ இந்த டப்பாவைக் காப்பாத்திக்கினு கீற. பாக்கறவங்க பைத்தியம்னுவாங்க மாமா."

"அவதான் சொல்லிட்டுப் போனா. பஸ்ஸு வந்துடுச்சுன்னு ஜாய்ஸ்டிக்க ஏங்கைல திணிச்சிட்டு ஓடினா. பஸ்ஸு நகந்தப்புறம் ஜன்னல்லேருந்து தலைய நீட்டி, ஆட்டத்த பாஸ் பண்ணி வைக்கச் சொல்லிக் கத்தினா. அதுக்குமேல ஹாரன்ல ஒண்ணும் கேக்கல. நான் கட்டைவெரலத் தூக்கிக் காட்டினேன். சிரிச்சுக்கினே தலைய உள்ள இழுத்துக்கினா."

அன்றைக்கு உள்ளே வந்து ஸ்டார்ட் பட்டனை அழுத்தினான். ஆட்டம் அப்படியே நின்றது. வந்து முடிக்கட்டும் என்று விட்டுவைத்தான். செட் அசைந்தால் கேசட் நழுவி ஆட்டம் உறைந்துபோகும் என்று அதற்குப் பிறகு அந்த மூலையைக் கூட்டக்கூட யாரையும் விடவில்லை.

"சரி, புதுவாயல்ல அவ ஏன் எறங்கினா?" மெர்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "கம்பெனிக்குப் போறவ பாதில ஏன் எறங்கணும்?"

"தெரியல."

"ஊட்டுக்காரர் பைக்ல பின்னாலயே வர்றாருன்னு டிரைவராண்ட சொல்லிட்டு எறங்கினாளாம். பஸ்ஸு வளைஞ்சு எதிர்ப்பக்கம் போய் நின்னுச்சாம். நீ வர்ற பக்கம் வந்து நிக்கத்தான் ரோட்டத் தாண்டியிருக்கா. லாரிக்காரன் பாக்கல. நீ வரேன்னு சொன்னியா மாமா?"

"ஏசு மேல ஆணையா சொல்லல மெர்சி. ஒரு வார்த்தகூட சொல்லல."

இன்வெர்ட்டரின் கீச்சல் நீண்டு இழுத்தது. இன்னும் ஒரு நிமிஷமோ, அதற்கும் குறைவோ. பென்னி தரையில் குப்புறப் படுத்து, டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் கையை விட்டு அடாப்டர் வயரைத் துழாவினான். தூசுக்குள் நீளமாக ஏதோ சிக்கியது. பதமாக இழுத்தான்.

வயர் இல்லை. நீல நாடா. நுனியில் ஒரு பிளாஸ்டிக் அட்டை. அட்டையில் சுகிர்தா சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவன் குனிந்து தன் மார்பைப் பார்த்தான். அங்கேயும் ஒன்று அதேபோலத் தொங்கிக்கொண்டிருந்தது.

கீச்சல் நின்றது.

"மாமா, செட்டு லைட்டு அணைஞ்சிடுச்சு," என்றாள் மெர்சி மெதுவாக.

பென்னி திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கு ஹாரன் விழுங்குவதற்கு முன்னால், பஸ் ஜன்னலிலிருந்து அவள் கத்தியது இரண்டே வார்த்தை.

"பென்னி, பாஸ்!"