எட்டுக் கரண்டி

"பொண்டாட்டி போய் முழுசா மூணு நாள் ஆகலை. மனுஷன் கால்குலேட்டரும் கையுமா உட்கார்ந்திருக்கார் பாருங்க."

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் காதைக் கடித்துக்கொண்டது தையல்கார மாமாவுக்கும் கேட்டது. போனவள் அவருடைய சொந்தத் தங்கை. அவருக்கும் பற்றிக்கொண்டுதான் வந்தது.

தங்கை புருஷன் அனல் மின் நிலையத்தில் இன்ஜினியர். எவ்வளவு நிலக்கரி எரிந்தது, அதில் எத்தனை யூனிட் கரண்ட் வந்தது என்று இருபத்தெட்டு வருஷமாகக் கணக்குப் பார்க்கிறவர். அங்கே அவருக்குப் பட்டப்பெயரே 'புள்ளி'. அறிக்கையில் ஒரு தசமப் புள்ளியைத் தள்ளி வைத்ததற்காக, நிறைந்த மீட்டிங்கில் மேலதிகாரியின் மானத்தையே வாங்கியவர். பெற்ற மகளைக்கூட விட்டதில்லை. பத்தாவது படிக்கையில் ஒரு விடைக்குப் பக்கத்தில் கிராம், மீட்டர் என்று யூனிட் போட மறந்தாள் என்று, அதையே நூறு தடவை எழுத வைத்தார்.

மாமா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

"மாப்பிள்ளை, கூடம் நிறைய ஆளுங்க இருக்காங்க. உள்ள உட்கார்ந்துகிட்டு என்ன கணக்கு வேண்டிக் கிடக்கு?"

புள்ளி நிமிரவில்லை. கட்டில் மேல் இரண்டு டப்பாக்கள். பக்கவாதம் வந்து ஐந்து மாதம் படுக்கையில் கிடந்தவளுக்கு, மூக்குக் குழாய் வழியாகக் கரைத்து ஊற்றிய சத்துப் பவுடர். ஒன்று பழைய கம்பெனி, ஒன்று புதுசு. புதுசின் மேல் மகள் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'ஒரு நாளைக்கு எட்டுக் கரண்டி.'

"ஒரு கிலோ டீசல் எரிச்சா பத்தாயிரத்துச் சொச்சம் கலோரி வரும் மச்சான். எங்க நிலக்கரி நாலாயிரத்தைத் தாண்டாது."

"இப்ப எதுக்கு மாப்பிள்ளை டீசலும் கரியும்?"

"இந்தப் புது டப்பாவுல நூறு கிராமுக்கு ஆயிரத்து எண்ணூத்தி எண்பதுன்னு போட்டிருக்கு. அப்போ கிலோவுக்குப் பதினெட்டாயிரத்துக்கு மேல. டீசலைவிட நல்லா எரியற பவுடர் எங்கேயாவது உண்டா?"

மாமாவுக்குப் பயமாகிவிட்டது. துக்கத்தில் மனுஷனுக்கு மூளை குழம்பிவிட்டதோ?

"உங்க டேப்புல ஒரு பக்கம் இஞ்ச், மறுபக்கம் சென்டிமீட்டர். முப்பத்தாறு இஞ்ச் சட்டையை முப்பத்தாறு சென்டிமீட்டர்ல வெட்டினா என்ன ஆகும் மச்சான்?"

"பொம்மைக்குத்தான் போடலாம்."

"இது கலோரி இல்லை மச்சான். ஜூல்னு வேற அளவு. ஓரத்துல பொடி எழுத்துல போட்டிருக்கான். நாலு ஜூலுக்கு மேல சேர்ந்தாத்தான் ஒரு கலோரி."

மாமா மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"டாக்டர் சொன்னது ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐநூறு கலோரி. பழைய பவுடர்ல பொண்ணு முப்பத்துமூணு கரண்டி போட்டுக்கிட்டிருந்தா. அது கடையில கிடைக்கலைன்னு நான்தான் இதை வாங்கிட்டு வந்தேன். அவளும் டப்பாவுல இருந்ததைக் கலோரின்னே வெச்சு வகுத்துப் பார்த்துட்டு, 'புதுசு நல்ல ஸ்ட்ராங்குப்பா, எட்டுக் கரண்டியே போதும்'னா. நானும் சரின்னு தலையாட்டிட்டு ஷிப்டுக்குப் போயிட்டேன். இருபத்தாறு நாள் மச்சான். இருபத்தாறு நாளும் கால் வயிறு."

கடைசி வாரம் தங்கையின் கையைப் பிடித்தபோது வெறும் எலும்புதான் தட்டுப்பட்டது. வியாதி தின்கிறது என்றுதான் டாக்டர் முதற்கொண்டு எல்லோரும் நினைத்தார்கள். பசிக்கிறது என்று சொல்ல அவளுக்குப் பேச்சு வரவில்லை.

"கரண்ட் கணக்குல பார்த்தா அவளுக்கு வேண்டியது ஒரு நாளைக்கு ஒண்ணே முக்கால் யூனிட். நாங்க தினம் ரெண்டு கோடி யூனிட் அனுப்பறோம். ஊரெல்லாம் விளக்கு எரியுது. என் வீட்டுக் கட்டிலுக்கு ஒண்ணே முக்கால் யூனிட் வந்து சேரலை."

சொல்லிவிட்டு அழுதார். சத்தமே வரவில்லை.

அப்புறம்தான் மாமாவுக்கு மகளின் நினைப்பு வந்தது. வேலையை விட்டுவிட்டு வந்து, ஐந்து மாதம் அம்மாவுக்கு அம்மாவாக இருந்தவள். குழாய் அடைத்துவிடக் கூடாதென்று மூன்று வேளையும் துணியில் வடிகட்டி ஊற்றியவள்.

மாமா மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க குணம் எனக்குத் தெரியும். தப்பைக் கண்டா உங்க வாய் நிக்காது. இது மட்டும் தெரிஞ்சா அந்தப் பொண்ணு தாங்க மாட்டா, மாப்பிள்ளை."

"கணக்குன்னா கணக்குதான் மச்சான். அதை மாத்திச் சொல்ல எனக்குத் தெரியாது."

கதவு திறந்தது.

மகள்தான். அழுது அழுது கண் சிவந்து வீங்கியிருந்தது. கட்டில் மேல் இருந்த டப்பாக்களைப் பார்த்தாள், அப்பா கையில் இருந்த கணக்குக் காகிதத்தைப் பார்த்தாள். அவருக்குப் பிறந்தவள் ஆயிற்றே, முகம் அப்படியே வெளுத்துவிட்டது.

"என்னப்பா கணக்கு? நான் அளவு ஏதாவது தப்பாப் போட்டுட்டேனா?"

மாமா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். காகிதம் கிழிபடுகிற சத்தம் கேட்டது.

"நீ போட்டது சரிதாம்மா" என்றார் புள்ளி. "நான்தான் ஒரு புள்ளியைத் தள்ளி வெச்சுட்டேன்."