சூடாகாத வண்டி

சூட்டைக் காட்டுகிற மீட்டரின் முள் நடுவிலேயே நின்றது.

பதினோராவது கொண்டை ஊசி வளைவு முடிந்தது. பன்னிரண்டும் முடிந்தது. முள் அசையவில்லை.

அவர் ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்தினார். மேல் கியருக்குப் போகாமல் எஞ்சினைக் கதறவிட்டார். டர்போ விசிலடித்தது. வண்டி குஷியாக ஏறியது.

பாழாய்ப்போன வண்டிக்கு இன்றைக்குப் பார்த்து இத்தனை ஆரோக்கியம்.

போன மாதம் வரை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பதிமூன்றாவது வளைவில் அது நின்றுவிடும். முள் சிவப்பைத் தொடும். ஓரங்கட்டி பானெட்டைத் தூக்குவார்.

தூக்கியதும் யாராவது நிறுத்துவார்கள்.

மலைப்பாதையில் பானெட் திறந்து நிற்கிற வண்டியை ஒரு வார்த்தை கேட்காமல் தாண்டிப் போகிறவர்கள் குறைவு. தண்ணீர் இருக்கிறதா என்பார்கள். எஞ்சின் தணிகிற வரைக்கும் கூடவே நிற்பார்கள். ஒரு குடும்பம் புளிச்சோறு கொடுத்தது. எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி, ஸ்கூட்டரை விட்டு இறங்காமலே, தன் மாமியாரைப் பற்றி இருபது நிமிடம் குறைப்பட்டுக்கொண்டாள். அதை நினைத்து நினைத்து அவர் வெள்ளிக்கிழமை வரை சிரித்தார்.

மனைவி செண்பகவல்லி போய் நான்கு வருடமாகிறது. வீட்டில் இப்போது குக்கர் மட்டும்தான் சத்தம் போடும்.

பேச்சைத் தொடங்க அவருக்குத் தெரியாது. முப்பது வருடம் முத்திரை ஆய்வாளர். தராசையும் எடைக்கல்லையும் சோதிக்கிற வேலை. அவர் உள்ளே நுழைந்தால் கடையே வாயை மூடிக்கொள்ளும். பத்து கிராம் குறைந்தாலும் விடமாட்டார். அப்படிப்பட்டவரிடம் யார் வலிய வந்து பேசுவது?

பானெட் திறந்திருந்தால் பேசினார்கள்.

கெடுத்தது மெக்கானிக் மயில்சாமி.

ஆயில் மாற்றப் போன இடத்தில், சும்மா நிற்க ஒரு மாதிரியாக இருந்ததால், மலையேறினால் வண்டி சூடாகிறது என்று சொல்லிவைத்தார். பேச்சுக்குச் சொன்னதுதான். மயில்சாமி அதை மனதில் போட்டுக்கொண்டான். சார் வாராவாரம் நடுக்காட்டில் நின்று கஷ்டப்படுகிறாரே என்று உருகிப் போனான்.

வண்டியை ஒரு வாரம் வைத்துக்கொண்டான். முன்னால் காற்றை மறித்த இரண்டு பனிவிளக்குகளையும் வலையையும் கழற்றி எறிந்தான். டர்போவிலிருந்து கொதித்து வருகிற காற்றை ஆற்றித் தருகிற இன்டர்கூலருக்கு, அலுமினியத் தகட்டை வளைத்துத் தனிப் பாதை போட்டான். ரேடியேட்டருக்குள் போகாமல் பக்கவாட்டில் நழுவிக்கொண்டிருந்த காற்றை ரப்பர் வைத்து அடைத்தான். கடைசியாக பானெட்டிலேயே மூன்று இடத்தில் வெட்டி, மீன் செவுள் மாதிரித் திறந்துவிட்டான்.

"உள்ள வந்த காத்து வெளிய போறதுக்கு வழி வேணுமுங்க சார். இல்லீன்னா அங்கயே நின்னு வெந்துட்டிருக்கும்."

அவர் நன்றி சொன்னார். வேறென்ன சொல்வது?

பதிமூன்றாவது வளைவு வந்தது.

போனது.

இப்படியே உச்சிக்குப் போய், திரும்பி, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். ஒருவரிடமும் ஒரு சொல் பேசாமல், நல்லபடியாக.

கைப்பிடிச் சுவர் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தார்.

இறங்கினார். மேலும் கீழும் பார்த்துக்கொண்டார். பானெட்டைத் தூக்கினார்.

ஆவி இல்லை. கொதிக்கிற சத்தம் இல்லை. எல்லாம் துடைத்து வைத்தது போல இருந்தது.

வெட்கமாக இருந்தது. எடைக்கல்லின் அடியில் ஈயத்தைச் சுரண்டியவர்கள் எத்தனை பேரைப் பிடித்திருப்பார். அவர்கள் எல்லோரும் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பார்ப்பது போலிருந்தது. மூடிவிடலாம் என்று கை போனது.

ஒரு பைக் வேகம் குறைத்து, அவரைப் பார்த்துவிட்டுப் போனது. ஒரு காரின் ஜன்னலில் குழந்தை கையாட்டியது. அவரும் ஆட்டினார். கார் போய்விட்டது.

பிறகு, மேலிருந்து காலி கேஸ் சிலிண்டர்களோடு இறங்கி வந்த மினி லாரி நின்றது. டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் துண்டு. கேட்பதற்கு முன்னாலேயே தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"சூடாயிருச்சுங்களா?"

"ஆமாங்க" என்றார். குரல் தேய்ந்து வந்தது.

டிரைவர் குனிந்து பார்த்தார். தண்ணீர் டப்பா விளிம்பு வரை நிறைந்திருந்தது. புதுத் தகட்டையும் ரப்பரையும் தடவிப் பார்த்தார். பானெட்டின் வெட்டுகளை அண்ணாந்து பார்த்தார். வேலை தெரிந்தவன் செய்தது என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். ஜன்னல் வழியாகக் கையை விட்டு, சாவியைப் பாதி திருப்பி, மீட்டரைப் பார்த்தார்.

முள் எழுந்து நடுவில் நின்றது.

டிரைவர் திரும்பி அவரைப் பார்த்தார்.

அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தார். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

சாவி பழையபடி திரும்புகிற சத்தம் கேட்டது.

டிரைவர் கேனை மூடிக் கீழே வைத்தார். போய் லாரியையும் அணைத்துவிட்டு வந்தார். கைப்பிடிச் சுவரில் ஏறி உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த தூசியைத் துண்டால் தட்டிவிட்டார்.

"நல்லா ஆறட்டுங்க" என்றார். "எனக்கொண்ணும் அவசரமில்லீங்க."