அடி கறுத்த முகில்

குளமும் வற்றியபின் சுகந்தினி தினமும் வானத்தைத்தான் பார்த்தாள். வெள்ளைப் பஞ்சு முகில் மழை தராது, அடி கறுத்து உயர எழும்புவதுதான் மழைமுகில் என்று கணவன் தவராசா சொல்லியிருந்தான்.

அன்று பின்னேரம் வயல் பக்கம் அப்படியொன்று எழும்பியது. வயலுக்குப் போயிருந்த கணவனை உடனே கைபேசியில் அழைத்தாள்.

"இஞ்ச பாருங்க, உங்கட பக்கம் கறுத்து எழும்புது! நம்மட வேளாண்மை தப்பிரும்!"

அவன் இருமினான்.

"பேசுங்களன். முகில் தெரியல்லியா?"

"அது முகில் இல்ல புள்ள. கருகின பயிரப் பாத்துக்கிட்டு நிக்க ஏலாமப் போச்சு. நான்தான் நெருப்பு வெச்சன்."

சுகந்தினி வயலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"நீங்க வெளிய வந்திட்டீங்கதானே?" என்றாள்.

கைபேசியில் நெருப்பு சடசடக்கும் சத்தம் மிக அருகில் கேட்டது. பிறகுதான் பதில் வந்தது.

"ஓம். வாறன்."