வெர்தன்

“பிள்ளைக்கு என்ன பேர்?” ஞானஸ்நானத் தண்ணீரைக் கையில் எடுத்தபடி கேட்டார் பாப்பிரெட்டிப்பட்டிக் கோயிலின் பிரெஞ்சுக்காரச் சாமியார்.

“வெர்தன்னு வைங்க சாமி,” என்றாள் இன்னாசியம்மாள். முதல் இரண்டையும் மண்ணுக்குக் கொடுத்தவள். இதுவாவது தங்க வேண்டும்.

சாமியாரின் கை அப்படியே நின்றது. “இந்தப் பேர் எப்படித் தெரியும்?”

“நீங்க தெனம் மெழுகுதிரி ஏத்துற படத்துல போட்டிருக்குதுன்னு உபதேசியாரு சொன்னாருங்க,” என்றான் அவள் புருஷன் பெரியநாயகம். “உங்க நாட்டு ஊராமே? லூர்து ஊர்ப் பேர வச்சுத்தானுங்களே எங்கண்ணன் லூர்துசாமி! இதுக்கு என்னங்க அர்த்தம்?”

“பலமான கோட்டைன்னு சொல்வாங்க. ரொம்பப் பழைய பேர்.”

இன்னாசியம்மாளின் முகம் மலர்ந்தது. “அங்க மாதா எப்பங்க காட்சி குடுத்தாங்க?”

“மாதா வரலம்மா. ஜெர்மன்காரங்களோட பெரிய சண்டை வந்தது. பத்து மாசத்துல லட்சக்கணக்கான பேர் செத்தாங்க. படத்துல இருக்கறது எங்க ஊர்ப் பட்டாளத்துப் பசங்க. நாப்பது பேர் போனோம். திரும்பினது நான் ஒருத்தன்தான்.”

இன்னாசியம்மாள் வெடுக்கென்று பிள்ளையை மார்போடு இழுத்துக்கொண்டாள்.

அப்புறம் மெதுவாகப் பிள்ளையை அவரிடம் நீட்டினாள்.

“உங்க பேரையே வச்சிருங்க, சாமி.”