டிரைவருக்குப் பின்னால் ஜன்னல் சீட்

"யோவ், லேடீஸ் சீட்டுல உட்கார்ந்திருக்கியே, கொஞ்சமாவது வெக்கமா இருக்கா?"

பஸ்ஸில் ஏறியதும் சாந்தகுமாரி ஆரம்பித்துவிட்டாள். ஒரு கையில் ஏழு வயது மகள் இளவேனில், இன்னொரு கையில் டிபன் பை. வாய் மட்டும்தான் காலியாக இருந்தது.

டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அந்த ஆளுக்கு ஐம்பது வயது இருக்கும். உடனே எழுந்தார்.

"பாருங்கம்மா, சிவாஜி நகர்லேர்ந்து நாங்க கேட்கிறோம், காதுலயே வாங்கல. உங்களுக்குத்தான் எழுந்திருக்கான்!" என்றாள் கம்பியைப் பிடித்து நின்றிருந்த ஒரு பெண்.

"கேட்கிற மாதிரி கேட்கணும்" என்றாள் சாந்தகுமாரி பெருமையாக.

அடுத்த நிறுத்தத்தில் அவர் இறங்கிவிட்டார். இந்தக் கொஞ்ச தூரத்துக்கு உட்கார்ந்து வர ஆசையைப் பார் என்று தோன்றியது அவளுக்கு.

பெங்களூரில் மெட்ரோவெல்லாம் கனவிலும் வராத காலம். அவள் பஸ் ஏறும் அல்சூர் பக்கம் சாலையின் இரண்டு பக்கமும் மரங்கள் கை கோத்து நிற்கும். இளவேனிலுக்கு ஆட்டிசம். அந்த வார்த்தையைச் சொன்னால் டாக்டர்களே இன்னொரு தரம் கேட்பார்கள். "வளர வளர சரியாப் போயிடும்" என்று சொல்லி அனுப்பிய டாக்டர்கள்தான் அதிகம்.

பிரிஜெட் மிஸ் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. இந்திரா நகரில் ஒரு சர்ச்சின் பின்பக்க ஹாலில், சனிக்கிழமை தோறும் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தினார். பிள்ளைகள் உள்ளே படங்களைக் காட்டிப் பேசப் பழக, அம்மாக்கள் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுவார்கள், சிரிப்பார்கள், புளிசாதம் மாற்றிச் சாப்பிடுவார்கள். வாரம் முழுக்க யாரிடமும் சொல்ல முடியாததை அங்கேதான் சொல்ல முடிந்தது. அந்த வகுப்புக்குப் போன பிறகுதான் இளவேனில் முதல் தடவையாக 'அம்மா' என்றாள். அந்தச் சனிக்கிழமையை சாந்தகுமாரி எதற்காகவும் விடமாட்டாள்.

ஆனால் போய்ச் சேர வேண்டுமே! ஆட்டோ சத்தம் இளவேனிலுக்கு ஆகாது. பஸ்ஸிலும் அந்த ஒரு சீட்தான் வேண்டும். ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டால் அவள் பாட்டுக்கு இருப்பாள். வேறு சீட் என்றால் தரையில் விழுந்து அலறல். முதல் சனிக்கிழமை அப்படித்தான் ஆனது. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "அடிச்சு வளர்க்காததோட கோளாறு" என்றார் ஒருவர். புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு பாதி வழியில் இறங்கினாள் சாந்தகுமாரி.

அடுத்த வாரத்திலிருந்துதான் இந்த ஆள். வாரா வாரம் அவர் உட்கார்ந்திருப்பார். இவள் திட்டுவாள். அவர் எழுந்துவிடுவார்.

"யாருக்கும் அசையாதவன் மிஸ், என் வாய்க்குப் பயந்து எழுந்திருக்கான்!"

"அந்த வாயை எங்களுக்கும் கொஞ்சம் கடன் குடேன்" என்று பிரிஜெட் மிஸ் சிரிப்பார்.

ஒரு சனிக்கிழமை அந்த ஆளைக் காணோம். சீட்டில் ஒரு கல்லூரிப் பெண்.

"கொஞ்சம் எழுந்திரும்மா, பாப்பா உட்காரட்டும்."

"பின்னாடி சீட் காலியா இருக்கே ஆன்ட்டி."

அதற்குள் இளவேனில் தரையில் விழுந்தாயிற்று. "பைத்தியமா?" என்று ஒரு குரல். "ஐயோ, பேய் கீய் பிடிச்சிருக்கா?" என்று இன்னொன்று. ஊர் வாயை அடைக்கும் சாந்தகுமாரி அன்று மகளை வாரி எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

படியில் நின்ற கண்டக்டர் மஞ்சுநாத், "அய்யோ, சேஷகிரி சாரு இன்னைக்கு வரலையே அக்கா. ஜுரமாம்" என்றார்.

"யாரு சேஷகிரி?"

"நீங்க வாரா வாரம் பைவீங்களே, திட்டுவீங்களே, அவருதான். நோடி, பாருங்க அக்கா, அவருக்கு வீடும் சிவாஜி நகர், வேலையும் சிவாஜி நகர். முதல் நாள் பாப்பா அழுதப்போ அவரும் பஸ்ல இருந்தாரு. அப்புறம் சனிக்கிழமையானா ஏறி அந்த சீட்டைப் பிடிச்சு வெச்சுக்குவாரு. உங்களைப் பார்த்ததும் எழுந்துடுவாரு. அடுத்த ஸ்டாப்ல இறங்கித் திரும்பிப் போயிடுவாரு."

விசில் அடித்து பஸ் போய்விட்டது.

அடுத்த சனிக்கிழமை அவர் இருந்தார். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் வரிசையாக அர்ச்சனை செய்துகொண்டிருந்தார்கள்.

சாந்தகுமாரியைப் பார்த்ததும் எழுந்தார். இளவேனில் உட்கார்ந்து கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

"அண்ணா, அவ்வளவு திட்டினேனே... ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" சாந்தகுமாரிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எனக்கு ஒரு தம்பி இருந்தாம்மா, இதே மாதிரி" என்றார் அவர் தணிந்த குரலில். "அப்ப இதுக்குப் பேரே தெரியாது. வெளியில போனா ஜனங்க பார்க்கிற பார்வைக்குப் பயந்து, எங்கம்மா அவனைக் கடைசி வரைக்கும் வாசல் தாண்டவே விடல."

"அதைச் சொல்லியிருந்தா இவங்களும் திட்டமாட்டாங்களே அண்ணா!"

"சொன்னா பாப்பாவைப் பத்தியும் சொல்லணுமே. அப்புறம் பஸ்ஸே அவளைத்தான் பார்க்கும்" என்றவர், சுற்றிலும் பார்த்துச் சிரித்துக்கொண்டார். "இப்பப் பாருங்க, எல்லாரும் என்னை மட்டும்தான் முறைக்கிறாங்க."