பாய் இறக்கிய படம்

மண்ணெண்ணெய் தடைப்பட்டு இயந்திரப் படகுகள் நின்றபின் குருநகரில் பாய்வள்ளங்கள் மறுபடி கடலுக்கு இறங்கின. அவற்றைப் படமாக வரைவதுதான் சிமியோனின் தொழில். கடல் கொண்டுபோனவர்களின் வள்ளத்தை மட்டும் அவர் பாய் இறக்கி வரைவார். அது ஊருக்கே தெரியும்.

அவருடைய சிநேகிதன் செபநாயகம் கடலுக்குப் போய்ப் பல நாளாகியும் தகவல் இல்லை. இன்று அவன் மனைவி மக்டலீன் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணை, எங்கடை வள்ளம் கீறி முடிஞ்சுதோ?"

"பாய்தான் மிச்சம், பிள்ளை."

"பாயை இறக்கிக் கீறுங்கோ."

சிமியோன் தூரிகையைக் கீழே வைத்தார்.

"அவசரப்படாதை. மாதா கைவிடமாட்டா."

"இல்லை அண்ணை, நான் முடிவெடுத்திட்டன்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "உடம்பு... கிடைச்சுதோ?"

"என்ன கதை உது! விடிய வந்து சேர்ந்த மனுசன் வீட்டிலை இருந்து புட்டுத் தின்னுது!"

சிமியோனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த கையோடு கோபமும் வந்தது.

"பிறகேனடி பாயை இறக்கச் சொன்னனி?"

"விரிச்ச பாயைச் சுவரிலை கண்டால் மனுசன் திரும்பவும் கடலுக்கு வெளிக்கிட்டிடும். நங்கூரத்தையும் நல்லாப் பெரிசாய்க் கீறிவிடுங்கோ!"